எனோக் கொடுத்த வெள்ளிக் கூஜா

லெமுவல் ஹாஸ்கெட்டுக்கு ஊர் கூடி வெள்ளிப் பேச்சுக்குழல் பரிசளித்த நாளிலிருந்து எனோக் பிராட்டுக்கு ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை.

எல்டர்போர்ட்டில் தீயணைக்கும் தொண்டர் படைகள் இரண்டு. ஒன்றுக்கு எனோக் தலைவர், மற்றதற்கு லெமுவல். ஆலை எரிந்தபோது முதல் தண்ணீர் அடித்தது எனோக்கின் ஆட்கள்தான். ஆனால் தீக்கு நடுவே தலைவர் கட்டளை கூவுகிற அந்தக் குழலில் பொறித்த பேர் லெமுவலுடையது! அதன் வாயில் பூச்செண்டைச் செருகிக்கொண்டு அணிவகுப்பில் அவன் நடந்த நடை இருக்கிறதே, அப்பப்பா! எனோக்குக்கு வயிறு பற்றி எரிந்தது.

"என் பேரும் ஒருநாள் வெள்ளியில ஏறும், பாரு," என்றார் மனைவி தர்ஸாவிடம்.

"பேரு ஏறுறது இருக்கட்டும். பட்டறையில பீப்பாய்க்கு வளையம் ஏறிச்சா?"

அந்த ஊரில் தெருக்குழாயை முதலில் பிடிக்கிற படைக்குத்தான் தண்ணீர். ஒரு மாலை தீ மணி அடித்ததும், மதுக்கடையிலிருந்த எனோக் எரிவது யார் வீடு என்றுகூடக் கேட்கவில்லை. வாசலில் கிடந்த காலிப் பீப்பாயை உருட்டிக்கொண்டு ஓடி, தெருமுனைக் குழாயின்மேல் கவிழ்த்து, ஏறி உட்கார்ந்துகொண்டார். தன் ஆட்கள் வரும்வரை அசைவதாக இல்லை.

வந்தது லெமுவலின் வண்டி.

"எழுந்திருய்யா எனோக்! எரியுறது உன் பட்டறை!"

"இந்தக் கதைய வேற ஆள்கிட்ட சொல்லு. பரிசு வாங்குனது பத்தாதா, தண்ணியும் உனக்கே வேணுமா?"

"அட மடையா, தர்ஸா மேல மாடி வீட்டுல இருக்கா!"

"அவ பேரைச் சொன்னா நான் எழுந்திருச்சிடுவேனா?"

லெமுவல் காறித் துப்பிவிட்டு வண்டியை ஆற்றுக்கு விரட்டினான். ஆற்றுத் தண்ணீரை இறைத்துத் தீயை அடக்கியவன் அவன். ஏணி வைத்துத் தர்ஸாவை இறக்கியவனும் அவனே. சொந்த ஆட்கள் வந்து செய்தி சொல்லும்வரை எனோக் பீப்பாய்மேல்தான் இருந்தார்.

தீயில் தப்பிப் பிழைத்த வீட்டுக்காரர், காப்பாற்றியவருக்கு வெள்ளிப் பொருள் கொடுத்து நன்றி சொல்வது ஊர் வழக்கம். தர்ஸா விடுவாளா?

"கூஜா செஞ்சு கொடுக்கணும். எல்லார் முன்னாடியும், நீங்களே கொடுக்கணும்."

நகர மண்டபத்தில் லெமுவல் கூஜாவை விளக்கருகே பிடித்து உரக்கப் படித்தான்: "வீரர் லெமுவல் ஹாஸ்கெட்டுக்கு, நன்றியுடன் எனோக் பிராட்."

கைதட்டல் காதைப் பிளந்தது. தர்ஸா கணவர் பக்கம் குனிந்து சொன்னாள், "வெள்ளியில பேரு ஏறிடுச்சே! இப்ப திருப்திதானே?"

எனோக்கோ, லெமுவலின் பேரை எவ்வளவு பெரிய எழுத்தில் பொறித்திருக்கிறான் அந்தத் தட்டான் என்றே பார்த்துக்கொண்டிருந்தார்.