பத்துக்கு மிகாமல்

விடியுமுன்பே உப்பளப் பாத்தியில் இறங்கி வாருபலகையை இழுத்துக்கொண்டிருந்தாள் சந்தனச்செல்வி. அடியில் படிந்த உப்பு கரகரவென்று உடைந்து வரப்போரம் குவிந்தது. உப்புத் தண்ணீரில் வெடித்த குதிகால் முதலில் எரியும், பிறகு மரத்துப்போகும். மனமும் எப்போதோ அப்படித்தான் ஆகிவிட்டது. துறைமுகத்தில் லாரியிலிருந்து விழுந்து கணவன் இடுப்பு முறிந்து படுத்தபோதுகூட அவளுக்கு அழுகை வரவில்லை. மாத்திரை என்ன விலை என்றுதான் கேட்டாள்.

வெயில் ஏறும் நேரத்தில் முதலாளி ராஜதுரை பைக்கில் வந்து இறங்கினார்.

"மழை முந்திட்டு. இனி மாசத்துல அளத்து வேலை பத்து நாளு, ஷெட்டுல பாக்கெட் போடுத வேலை பத்து நாளு. அதுக்கு மேல கிடையாது. அளத்துக்கு ஐந்நூத்தம்பது, ஷெட்டுக்கு நானூறு. பழைய கூலிதான், ஒத்தப் பைசா குறைக்கல."

கூலியைத் தொடாமல் வேலை நாளைத் தின்றுவிட்டு, அதில் அவருக்குப் பெருமை வேறு.

செல்வி குந்தி, ஈரக் களிமண்ணில் குச்சியால் எழுதினாள். ப்ளஸ் டூவில் கணக்குப் படித்தவள். அளத்து நாள் எக்ஸ், பத்துக்கு மிகாது. ஷெட்டு நாள் ஒய், அதுவும் பத்துக்கு மிகாது. மூன்றாவது வரி வீட்டுச் செலவு: ஐந்நூற்றைம்பது எக்ஸும் நானூறு ஒய்யும் சேர்ந்து பதினோராயிரத்துக்குக் குறையக்கூடாது. இரண்டு பத்தையும் முழுதாகப் போட்டாலும் ஒன்பதாயிரத்து ஐந்நூறுதான் வந்தது. மூன்று வரியும் ஒருசேரப் பொருந்தவில்லை.

பதினோராயிரத்தை அழித்துப் பத்தாயிரம் என்று எழுதினாள். மாத்திரையைப் பாதியாக்கலாம். அதையும் அழிக்கப் போனாள்.

பக்கத்தில் நின்ற பேச்சி கேட்டாள். "எதுக்குளா கீழ உள்ளதையே அழிக்க? மேல உள்ள ரெண்டையும் அழிச்சா என்ன?"

"அது அண்ணாச்சி சொன்னது மதினி."

"கீழ உள்ளது நீ சொன்னதுல்லா?"

செல்வியின் கை நின்றது. கோபம்கூட வரவில்லை. போன வருசம் பாலை நிறுத்தினாள், அதற்கு முன்பு மகளின் டியூஷனை. ஒவ்வொரு முறையும் தன் வரியையே அழித்திருக்கிறாள். பதினோராயிரத்தைத் திரும்ப எழுதினாள். பேச்சி தன் வீட்டுச் செலவைச் சொன்னாள், அடுத்த பாத்திச் சண்முகவடிவு தன் வீட்டுச் செலவை. வரிகள் கீழே கீழே இறங்கின.

"என்னளா, கோலம் போடுதியளா?" என்றபடி வந்தார் ராஜதுரை.

"வேலை நாளைக் கூட்டுங்க அண்ணாச்சி, இல்ல கூலியைக் கூட்டுங்க" என்றாள் செல்வி. " இதுக்குக் குறைஞ்சா யாரு வீட்டுலயும் அடுப்பு எரியாது."

"எனக்குக் கட்டுப்படியாகாது." ராஜதுரை அவளைத் தனியே அழைத்துக் குரலைத் தணித்தார். "நீ படிச்சவ. ஷெட்டுல மேற்பார்வை பாரு. மாசம் பதினோராயிரம். உன் கணக்கு தீந்துச்சுல்லா?"

தீர்ந்துதான் போகும். முழு மாத்திரை வாங்கலாம். அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"என் வரி ஒண்ணுதான் சரியாவும் அண்ணாச்சி. எல்லா வரியும் ஒண்ணாச் சரியானாத்தான் அது விடை."

"குவிச்ச உப்பு மழையில கரைஞ்சா யாருக்கு நட்டம்?" ராஜதுரை எல்லாருக்கும் கேட்கக் கத்தினார்.

"உமக்குத்தான்" என்று பேச்சி பலகையைக் கீழே போட்டு வரப்பில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். பைக் போய்விட்டது. நாளைக்கு வேலை இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் பயமாக இருந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த அளத்திலிருந்து ஜெபகனி, கால் கூடக் கழுவாமல், வரப்பேறி வந்தாள். அவள் பின்னால் இன்னும் நாலைந்து பேர்.

"எங்க மொதலாளியும் இந்தப் பத்தைத்தான் சொல்லுதாரு" என்றாள். களியில் இருந்ததைக் குனிந்து பார்த்தாள். "அடியில எங்க வீட்டையும் எழுது செல்வி."

செல்வி குச்சியை எடுத்தாள். இடம் போதவில்லை. எழுதுவதற்கு வாகாகப் பேச்சி தள்ளி உட்கார்ந்தாள்.