கடைக்குள் சாந்தா குரூஸ்

1

இந்தக் கதை எனக்கு வந்த வழியை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒட்டுக்கேட்டேன். பொலிவியாவின் மலைமேல் இருக்கும் எல் ஆல்ட்டோ நகரில் எலிசேயோ காயிசாயாவின் கணினிக் கடையில், இங்கே குளிர்காலமான ஜூன் மாதத்துப் பிற்பகல் ஒன்றில், என் மடிக்கணினிக்கு விசிறி மாற்றுவதற்காகப் போயிருந்தேன். கடையில் உட்கார இருந்தது ஒரே ஒரு பெஞ்சு. அதன் ஒரு முனையில் நான், மறுமுனையில் எலிசேயோவும் அவன் மனைவி ஹசிந்தாவும். அவர்கள் பேசினார்கள். எனக்குக் காது இருந்தது.

(இருவரும் வயதில் என்னைவிடப் பெரியவர்கள். ‘அவர்’ என்றுதான் முதலில் எழுதினேன். எழுதியதும் இருவரும் என்னைவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஆகவே ‘அவன்’, ‘அவள்’. அவர்கள் படித்தால் மன்னிக்கட்டும்.)

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன்.

ஒன்று: “நாலாயிரம் மீட்டர் உயரத்தில் காற்று மெலிசு. மெலிந்த காற்றில் மனிதனுக்கு மூச்சும் யந்திரத்துக்குக் குளிர்ச்சியும்…” வேண்டாம். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கப் பாடம் நடத்துகிறேன், கதையிலுமா.

இரண்டு: “ஹசிந்தாவின் உதடுகள் ஊதாவாக மாறத் தொடங்கிய அன்று,” இதை முடிக்க முடியவில்லை. அது எந்த நாள் என்று எனக்குத் தெரியாது. எட்டு மாதம் அவள் சிவப்புச் சாயம் பூசி மறைத்துவைத்திருந்தாள்.

மூன்று: “ஹசிந்தாவுக்கு ரத்தம் கெட்டிப்படும் நோய். இந்த உயரம் அவள் உடம்புக்கு இனி ஆகாது, கீழே போய்விடுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வருகிற சனிக்கிழமை கீழே, சூடான சமவெளியில், சாந்தா குரூஸில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறாள். அங்கேயும் அவள் தன் வேலையைத் தொடர வேண்டும். அதற்கான கணினியைத் தயார்செய்வது எலிசேயோவின் பொறுப்பு. அவன் கூடப் போவானா, மாட்டானா?”

இதில் அழகு ஒன்றும் இல்லை. ஆனால் கதை இதுதான், எனவே இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

எலிசேயோ எப்படிப்பட்டவன் என்றால், கணினித் திரைக்குப் படம் வரைந்து கொடுக்கும் கிராபிக்ஸ் கார்டு ஒன்றை அவன் கையில் கொடுத்தால் அதைச் செய்தவர்கள் நினைத்ததைவிட ஒரு பிடி கூடுதலாகவே வேலை வாங்கிவிடுவான். வேகத்தைக் கொஞ்சங் கொஞ்சமாக, படி படியாக ஏற்றுவான். ஒவ்வொரு படியிலும் சோதனை ஓடும். திரையில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் எல்லை வந்துவிட்டது என்று அர்த்தம். ஒரே ஒரு படி இறங்கி அங்கேயே நிறுத்துவான். மற்ற கடைக்காரர்கள் மூன்று படி இறங்குவார்கள். “மூணு படி எறங்குறவன் பயந்தாங்கொள்ளி” என்பது அவன் கட்சி.

அதன்பின் ஒரு மணி நேரச் சோதனை. கார்டு முழு மூச்சில் ஓடும். அதுவரை யாரும் எதையும் தொடக் கூடாது. எலிசேயோ எழுந்து போகமாட்டான், வாடிக்கையாளரையும் போகவிடமாட்டான். “வீட்ல போய் அணைஞ்சா எங்கிட்ட வரக்கூடாது. இப்பவே கண்ணால பாத்துட்டுப் போங்க” என்பான். என் மடிக்கணினியையும் அவன் விடவில்லை. விசிறி மாற்றியதும் மேசையின் ஓரத்தில் அதற்கும் ஒரு மணி நேரம் ஓடத் தொடங்கியது. பதினேழு நிமிடம் கழித்து ஹசிந்தாவின் கணினி ஓடத் தொடங்கியது. இந்தப் பதினேழு நிமிடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு முடிவு தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

ஆல்ட்டோக்காரர்கள் எல்லாரும் செய்யும் தவறு ஒன்றை அவனும் இருபது வருடமாகச் செய்துவந்தான். குளிரை நம்பினான். சோதனை ஓடும்போது கடைக் கதவைத் திறந்துவைப்பான். வெளிக்காற்று உள்ளே வந்து கூலியில்லாமல் வேலை செய்யும். எல்லாக் கார்டும் தேறிவிடும். அப்படித் தேறிய மூன்று கணினிகள் மலையிறங்கிப் போய், சமவெளியின் சூட்டில், முதல் வாரமே அணைந்துபோயின. வாங்கியவர்கள் தொலைபேசியில் திட்டித் தீர்த்தார்கள்.

“தப்பு என் கார்டுல இல்ல, உங்க ஊர்ல” என்று சொல்லி வைத்துவிட்டானாம். ஹசிந்தாதான் இதை எனக்குச் சொன்னாள், அவன் காதுபடவே.

4

அன்று நான் போனபோது கதவு மூடியிருந்தது. உள்ளே நுழைந்ததும் என் மூக்குக்கண்ணாடி பனித்துவிட்டது. இரண்டு மின்கணப்புகள் எரிந்துகொண்டிருந்தன. ஒரு கெண்டியில் தண்ணீர் கொதித்து ஆவி போய்க்கொண்டிருந்தது. கதவிடுக்கில் பழைய துணி அடைத்திருந்தது. சுவரில் மாட்டியிருந்த வெப்பமானியில் முப்பத்துமூன்று.

“சீக்கிரம் மூடுங்க வாத்தியாரே, சாந்தா குரூஸ் வெளிய ஓடிடும்” என்றாள் ஹசிந்தா.

எலிசேயோ மூன்று கம்பளிச் சட்டையும் காது மூடும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தான். என் விசிறியை மாற்றி ஓடவிட்டபின் ஹசிந்தாவின் கணினிக்கு வந்தான். திரையில் வழக்கமான சோதனை, மயிரடர்ந்த வளையம் ஒன்று சுழல்வது, தொடங்கப்போனது.

“அந்த வளையத்த ஓடவிடாத” என்றாள் அவள். “அது என் வேலையா? என் மண்டபத்த ஓடவிடு.”

“வளையந்தான் கார்டை ரொம்பக் கஷ்டப்படுத்தும், கிழவி.”

“கஷ்டப்படுத்துறது வேற, வேலை வாங்குறது வேற. கட்டிக்கிட்டு முப்பது வருசமா நீ ரெண்டையும் ஒண்ணுன்னே நெனச்சுட்டிருக்க.”

அவன் வளையத்தை மூடினான். மண்டபத்தை ஓடவிட்டான்.*

* ஹசிந்தாவின் தொழில் அது. இங்கே வசதி வந்தவர்கள் கட்டும் விருந்து மண்டபங்கள், கல் வைப்பதற்கு முன்னால் எப்படி இருக்கும் என்று கணினியில் வரைந்து காட்டுவாள். ஆரஞ்சுத் தூண், பச்சை மேற்கூரை, கண்ணாடிச் சுவர். இந்த மண்டபத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு விளக்குகள். ஒவ்வொரு விளக்கும் ஒவ்வொரு கண்ணாடியிலும் தெரிய வேண்டும். எந்தக் கார்டுக்கும் விழி பிதுங்கும்.

நாங்கள் மூவரும் ஆளில்லாத அந்த விருந்து மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம்.

பன்னிரண்டாவது நிமிடம் அவள் திரையின் மூலையில் இருந்த எண்ணைக் கவனித்துவிட்டாள்.

“எத்தன படி எறங்கின?”

“ஆறு.”

“ஆறா? நீயா?”

“மின்சாரத்தையும் கொறச்சு விட்டிருக்கேன். கம்மியாக் குடுத்தா கம்மியாச் சூடாகும், நின்னு ஓடும்.”

“மெதுவா இருக்குமே.”

“ஒரு படத்துக்கு நாலு நிமிசம் கூட ஆகும். அந்த நாலு நிமிசம் எந்திரிச்சு நட. டாக்டர் நடக்கச் சொன்னாருல்ல.”

ஊரே பயந்தாங்கொள்ளி என்று சிரித்தாலும் பரவாயில்லை என்று அவன் இறங்கிய ஆறு படிகள் அவை. அவள் அவன் முட்டியில் கையை வைத்தாள்.

இருபதாவது நிமிடம் மேல்சட்டையைக் கழற்றினான். கொஞ்ச நேரத்தில் அடுத்ததையும். கடைசியில் தொப்பியையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

“அடேயப்பா. உன் மண்டையப் பாத்துப் பத்து வருசம் இருக்கும். இவ்வளவுதான் முடியா?”

“பாத்துட்டேல்ல. பேசாம ஒக்காரு.”

“என் தங்கச்சி கல்யாணத்துக்குப் போனப்ப அந்த ஊர்ச் சூடு தாங்காம மூணு நாளும் குளியலறைத் தரையில படுத்துக் கெடந்தியே, அப்பக்கூட இதைக் கழட்டல.”

அவன் நெற்றியில் வேர்வை இறங்கியது. துடைத்துக்கொண்டான். கணப்பின் பக்கம் திரும்பி, குறைப்பான் என்று நான் நினைத்தேன், இன்னும் ஒரு கோடு கூட்டினான். வெப்பமானி முப்பத்தைந்தைத் தொட்டது.

ஹசிந்தா அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“கிழவா. நீ சோதிக்கிறது கம்ப்யூட்டரையா, உன்னையா?”

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ரெண்டும் ஒரே ரூம்லதான இருக்கு” என்றான்.

5

இங்கே நிறுத்தி ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எலிசேயோவை நான் வேண்டுமென்றே நல்லவனாக்குகிறேனா?

ஏனென்றால் எட்டு மாதம் அவளுக்கு அவன் பூண்டுதான் அரைத்துக் கொடுத்தான். கீழேயிருந்து வரும் மருத்துவர்களுக்கு மலை உடம்பைப் பற்றி என்ன தெரியும் என்றான். என் பாட்டன் தொண்ணூறு வயது வரை இங்கேதான் இருந்தான் என்றான். அவள் படியேறும்போது இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கியதைப் பார்த்துக்கொண்டு கடையைத் திறக்கப் போனான். இதையெல்லாம் முதல் வரைவில் எழுதாமல் விட்டேன். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. பிடித்தவர்களுக்காகப் பொய் சொல்வது என் வழக்கம்.

[இரண்டாம் வரைவில் அவன் வெயிலுக்குப் பயந்தான். அதுவும் முழு உண்மை இல்லை. இந்தத் தெருவில் அவனைப் பார்த்ததும் கடைக்காரர்கள் எழுந்து கை கொடுக்கிறார்கள். சாந்தா குரூஸில் அவன் யார்? மனைவியின் தங்கை வீட்டில் குளியலறைத் தரையில் படுத்துக் கிடக்கும் ஒரு மாப்பிள்ளை. அவன் பயம் அதுதான். எனக்கு அந்தப் பயம் நன்றாகத் தெரியும், அதனால்தான் கண்டுபிடிக்க இவ்வளவு நாளாயிற்று.]

அவள் உடம்பும் அந்தக் கார்டும் ஒன்றுதான் என்று அழகாக ஒரு வாக்கியம் வந்தது. அடித்துவிட்டேன். கார்டு போனால் வேறு கார்டு வாங்கிக்கொள்ளலாம்.

6

முப்பத்தெட்டாவது நிமிடம். கெண்டியில் தண்ணீர் வற்றிவிட்டது. ஹசிந்தா எழுந்து தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அந்த நாலு அடிக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

“நான் உன்ன வான்னு கூப்பிடல” என்றாள்.

“தெரியும்.”

“கூப்பிட்டா வந்துருவ. வந்து, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு ஒக்காந்திருப்ப. அதை என்னால பாத்துட்டிருக்க முடியாது. அதான் கூப்பிடல.”

“ம்.”

“எட்டு மாசம் சாயத்தைப் பூசிக்கிட்டு உன் முன்னாடிதான் நடந்தேன். அப்பவும் ஒண்ணும் சொல்லல. நீதான் பாக்கலியே.”

“பாத்தேன்.”

அவள் திரும்பினாள்.

“மொத நாளே பாத்தேன்” என்றான் எலிசேயோ. “பேசினா நீ போயிடுவன்னு பேசல.”

திரையில் முந்நூற்றுப் பன்னிரண்டு விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. நான் என் மடிக்கணினியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே உட்கார்ந்திருக்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஹசிந்தா அவன் மடியிலிருந்த தொப்பியை எடுத்து அவன் கழுத்து வேர்வையைத் துடைத்துவிட்டாள், கொஞ்சம் முரட்டுத்தனமாகவே.

நாற்பத்துமூன்றாவது நிமிடம் என் மடிக்கணினியின் ஒரு மணி நேரம் முடிந்தது.

“உங்களது தேறிடுச்சு வாத்தியாரே” என்றான் எலிசேயோ. போய் வாருங்கள் என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. பையில் ஒவ்வொன்றாக எடுத்துவைத்தேன். மின்கம்பியைச் சுற்றினேன், பிரித்தேன், மறுபடி சுற்றினேன். அதற்கு மேல் நேரம் கடத்த என்னிடம் வழி இல்லை.

“அங்க எத்தன மணிக்குக் கொஞ்சம் குளிரும்?” என்று அவன் கேட்பது காதில் விழுந்தது.

“ஆறுக்கு மேல. தங்கச்சி வீட்டு மாமரத்தடியில காத்து வரும்.”

“ஒக்கார என்ன இருக்கு?”

“நாற்காலி போட்டிருக்கா.”

“எத்தன?”

நான் வெளியே வந்து கதவை இழுத்து மூடிவிட்டேன். சூடு வெளியே போய்விடக் கூடாதே என்ற ஒரே நினைப்பு. அவள் சொன்ன பதிலை இப்படித்தான் கதவுக்குள் வைத்து அடைத்தேன்.

7

இனி முடிவு. மூன்று இருக்கின்றன.

அ) ஐம்பத்தோராவது நிமிடம் தூண்களில் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன, திரை இருண்டுவிடுகிறது. எலிசேயோ கணப்புகளை அணைக்கிறான். கதவைத் திறக்கிறான். தொப்பியைப் போட்டுக்கொள்கிறான். இதைப் பத்தே நிமிடத்தில் எழுதிவிட்டேன். துக்கம் எனக்குச் சுலபமாக வரும், அதனாலேயே இதை நம்பவில்லை.

ஆ) ஒரு மணி நேரம் தேறிவிடுகிறது. சனிக்கிழமை பேருந்தில் இரண்டு இருக்கை. கணினிப் பெட்டியை அவன் மடியிலேயே வைத்துக்கொள்கிறான். இதை எழுதிவிட்டு அழுதேன். மறுநாள் படித்தபோது, முப்பது வருடப் பிடிவாதம் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடுமா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

இ) அவள் மட்டும் போகிறாள். அவன் மாதத்துக்கு ஒரு முறை, கார்டைத் துடைத்துவிட்டு வருகிறேன் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு

இதற்கு மேல் எழுதவில்லை.

போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். கடை என் வீட்டிலிருந்து மூன்று தெரு. அந்தச் சனிக்கிழமை போய் ஐந்து வாரம் ஆகிறது, நான் வேறு தெரு வழியாகவே பள்ளிக்கூடம் போய்வருகிறேன். கதவு பூட்டியிருந்தால் சந்தோஷப்பட வேண்டும். திறந்திருந்தால் உள்ளே போய் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் எனக்குத் தைரியம் போதவில்லை.

எழுத என்னால் முடிந்தது இவ்வளவுதான்: மணி ஆறேகால். மாமரத்தடி. காற்று வரத் தொடங்கியிருக்கிறது. ஹசிந்தா நன்றாக மூச்சு விடுகிறாள். மரத்தடியில் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறேன். ஒன்றில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். மற்றதை உள்ளே எடுத்துவைக்க வேண்டுமென்று உங்களுக்குத் தோன்றினால் நீங்கள்தான் எடுத்துவைக்க வேண்டும். நான் மாட்டேன்.