பாராடாங் ஸ்டேஷனில் மாதாவின் ஒப்பாரி

சென்னையில் ஆபரேஷன் முடிந்து கிளாரா பாராடாங் தீவுக்குத் திரும்பியபோது தவக்காலம் பாதி கடந்திருந்தது. புற்றுநோயோடு சேர்த்துக் குரல்வளையையும் எடுத்துவிட்டார்கள். கழுத்தடியில் ஒரு துளை. மூச்சு இனி அதன் வழியாகத்தான். குரல் திரும்பாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். தலையாட்டிவிட்டுத்தான் அவள் உள்ளே போனாள்.

ஊர் அவளுக்காக ஸ்டேஷனில் காத்திருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் காட்டு மரங்களைக் கடற்கரைக்கு இழுத்துவந்த டிராம் வண்டியின் ஸ்டேஷன் அது. தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனபின் வெகுகாலம் கூரை சரிந்து கிடந்தது. தமிழரும் பெங்காலிகளும் ராஞ்சிக்காரர்களும் சேர்ந்து தகரம் போட்டு, படாக் மரத்தூண் நிறுத்தி, அதைக் கலைக்கூடமாக்கினார்கள். பிளாட்பாரம் மேடையானது. தண்டவாளம் ஓடிய பள்ளத்தில் பாய் விரித்து ஜனங்கள் உட்காருவார்கள். ரயிலையே பார்த்திராத பிள்ளைகள் சாயங்காலமானால் “ஸ்டேஷனுக்குப் போறோம்” என்று டான்ஸ் கற்றுக்கொள்ளக் கிளம்பும்.

பெரிய வெள்ளிக்கிழமை மதியம் அங்கே இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகம் நடக்கும். சிலுவையடியில் மாதா பாடும் ஒப்பாரியைக் கேட்பதற்கென்றே, பாஷை புரியாதவர்களும் வருவார்கள். கூடம் திறந்த வருடத்திலிருந்து மாதா என்றால் கிளாராதான். அவளுக்கு ஆர்மோனியம் வாசிப்பவன் அவள் புருஷன் பிரகாசம். படகு எஞ்சின் மெக்கானிக்.

“இந்த வருஷமும் நீங்கதாம்மா மாதா,” என்றார் கூடத்தின் செயலாளர் சிவஞானம். “போன வருஷம் நீங்க பாடுனதை பிரகாசம் போன்ல பிடிச்சு வச்சிருக்கான். ஸ்பீக்கர்ல போடுவோம். நீங்க வாயசைச்சா போதும். டென்ஷன் மத் லோ, கவலையே வேணாம்.”

யோசனை பிரகாசத்தினுடையது. அவன் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்துக் கிளாரா சம்மதித்தாள்.

ஒத்திகையில் கறுப்புச் சேலையின் முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டு பிளாட்பாரத்தில் மண்டியிட்டாள். ஸ்பீக்கரிலிருந்து அவள் குரல் எழுந்தது. ‘மகனே, என் மாணிக்கமே’ என்று இழுத்து முடித்து, அடுத்த அடிக்கு முன் அந்தக் குரல் மூச்சு வாங்கியது. வாய் நிறைய, நெஞ்சு நிறைய வாங்கிய மூச்சு. கிளாராவின் உதடுகள் நின்றுவிட்டன. பாட்டு மட்டும் போய்க்கொண்டே இருந்தது. அவள் எழுந்து, பழைய டிக்கெட் அறைக்குள் போய்ச் சுவரோரம் நின்றாள்.

பிரகாசம் பின்னாலேயே வந்தான். “ஏன் நிப்பாட்டிட்ட? நல்லாத்தானே வந்துட்டிருந்துச்சு?”

அவள் தன் போனில் எழுதிக் காட்டினாள்: ‘பெனிட்டா பாடட்டும்.’

பெனிட்டா அவன் தங்கை, கோரஸில் பாடுகிறவள்.

“அவளா? அவ பாட்டை எவன் கேப்பான்? எனக்கு உன் குரல்தான் வேணும். தினம் பட்டறையில அதைத்தான் போட்டுக் கேக்கேன், தெரியுமா? அது இல்லாம ஒரு வேலையும் ஓடமாட்டேங்குது.”

தெரியாது. அவள் திரும்பி வந்த நாள் முதல் வீட்டில் அவள் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டு எழுகிறவன், அங்கே போய் அவளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

‘நான் இன்னும் சாகலை’ என்று எழுதினாள்.

அவன் படித்தான். வெளியே போனான்.

பெரிய வெள்ளியன்று பெனிட்டா பாடினாள். முதல் அடியில் சுருதி தவறியது. பிரகாசம் ஆர்மோனியத்திலிருந்து நிமிர்ந்தே பார்க்கவில்லை. பிறகு அவளாக ஒரு வழி பிடித்துக்கொண்டாள். கிளாரா பாடியது மாதிரி இல்லை. கரகரப்பாக, கெஞ்சுகிற மாதிரி இருந்தது. பள்ளத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த கிளாராவுக்கும் அழுகை முட்டியது. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. கழுத்துத் துளையிலிருந்து காற்று மட்டும் சீறிக்கொண்டு வந்தது. முன்னால் இருந்த குழந்தை பயந்துபோய்த் திரும்பிப் பார்த்து அம்மாவின் மடியில் ஒண்டிக்கொண்டது.

கிளாரா முந்தானையை அழுத்திப் பிடித்தபடி வெளியேறினாள்.

நாடகம் முடிந்ததும் பெனிட்டா ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். “மதினி, நான் பாடியிருக்கக் கூடாது. உங்க இடத்துல போய் நின்னுட்டேனே!” கிளாரா அவள் முதுகைத் தடவினாள். நன்றாகப் பாடினாய் என்று சொல்ல நினைத்தாள். ஆனால் போனை எடுக்க மனம் வரவில்லை.

வெயில் தாழ்ந்த நேரத்தில் வீட்டு வாசற்படியில் பிரகாசம் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“உங்கிட்டப் பேசவே பயமாருக்கு கிளாரா,” என்றான், கையை எடுக்காமலே. “பேசினா பதில் வராதுல்ல. வராதுன்னு தெரியும். ஆனாலும் காது எதிர்பாத்துட்டே இருக்கு.”

அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். உதடுகள் சரியாகத்தான் அசைந்தன. அவன் பார்க்கவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டாள். காலையிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வர, கஞ்சியைச் சூடு பண்ண உள்ளே போனாள்.