மூன்றாம் வாய் ஆன்டெனாவுக்கு

ஓசூர் சிப்காட்டில் வயர்லெஸ் பெட்டி செய்கிற சின்னக் கம்பெனி. கம்ப்யூட்டர் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பாகங்களை மெஷினில் மாட்டி அளப்பது ராஜமேரியின் வேலை. அந்த அளவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி சர்க்யூட் போட்டுப் பார்ப்பது ஸ்தனிஸ்லாஸின் வேலை. வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் அவன் வீட்டார் பாலக்கோட்டுக்கு அவளைப் பெண் கேட்டு வருவதாக இருந்தது.

அதற்குள் அவன் போட்ட புது சர்க்யூட் பலகைகள் புகைந்தன. ஆன்டெனாவுக்குப் போக வேண்டிய பவர் அத்தனையும் ரிசீவருக்குள் பாய்ந்து பொசுக்கிவிட்டது.

கோளாறு சர்க்குலேட்டர் டப்பாவில். அதற்கு மூன்று வாய், ஒவ்வொன்றிலும் எண் வெட்டியிருக்கும். ஒன்றில் விட்ட பவர் இரண்டில்தான் வெளியேறும். இரண்டாம் வாய் ஆன்டெனாவுக்கு, மூன்றாம் வாய் ரிசீவருக்கு. அளந்த ஃபைலில் வெறும் எண்தான் பதியும், பெயர் பதியாது. இந்த முறை டப்பாவைப் பிடித்துக்கொள்ளும் கிடுக்கி உடைந்திருந்ததால் ராஜமேரி அதைக் கவிழ்த்து வைத்து அளந்தாள். கேபிள்கள் இடம் மாறி, டப்பாவின் இரண்டாம் வாய் ஃபைலில் மூன்றாகிவிட்டது.

அளந்த அன்றைக்கே டீக்கடையில் ஸ்தனிஸ்லாஸிடம் சொன்னாள். "ஃபைல்ல மூணுன்னு இருக்கறது டப்பால ரெண்டுங்க. அதான் ஆன்டெனா. நம்பர மாத்திப் போட்டுக்கங்க."

"டப்பாவக் கூட நேரா வெக்கத் தெரியல. நீ சோறு ஆக்கி நான் துன்னாப்லதான்" என்றான். அவள் சிரித்துக்கொண்டே அவன் கையிலிருந்த வடையைப் பிடுங்கித் தின்றாள்.

அவன் மாற்றவில்லை. ஃபைலின் மூன்றைப் பார்த்து, சர்க்யூட் படத்தில் ஆன்டெனாவுக்குப் போகும் கோட்டை டப்பாவின் மூன்றாம் வாய்க்கு இழுத்துவிட்டான்.

மேனேஜர் இருவரையும் கூப்பிட்டார். "ஒருத்தர வேலைய வுட்டு அனுப்பணும்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. யார் தப்பு?"

"நான் இவருகிட்ட சொன்னன் சார்" என்றாள் ராஜமேரி.

மேனேஜர் ஸ்தனிஸ்லாஸைப் பார்த்தார். அவன் மேசையைப் பார்த்தான். "அப்பிடி எதும் சொன்ன ஞாபகம் இல்லீங்க சார்."

வேலை போனது ராஜமேரிக்கு. கேட்டுக்கு வெளியே ஸ்தனிஸ்லாஸ் ஓடிவந்து வழி மறித்தான்.

"கோவப்படாத மேரி. கல்யாணம் ஆனா எங்க ஆத்தா உன்ன வேலைக்கு வுடாது. எப்பிடியும் நிக்கப் போற வேல. ரெண்டு பேருக்கும் சேத்துதான் யோசிச்சன்."

"நான் சொன்னது ஞாபகம் இருந்துதா, இல்லியா?"

அவன் தலையைச் சொறிந்தான். "இருந்துச்சு."

"ஞாயித்துக்கெழம வராதீங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

வீட்டில் அப்பா மரியசூசை சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். பாலக்கோடு மண்டியில் தக்காளிக் கூடை சுமந்தே அவளை டிப்ளமோ படிக்க வைத்தவர். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தேவிட்டது. அண்ணாந்து பூச முடியாமல் உடம்பையே வளைத்துப் பூசினார்.

"அவங்க வரலப்பா. வேணாம்னுட்டன்."

மட்டையை வாளியில் போட்டார். சுண்ணாம்புக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"போனாப் போறான் வுடு, தாயி. எவன் கால்லயும் நீ வுழ வேணாம். கைல வேலன்னு ஒண்ணு வெச்சிருக்கறவ நீ."

அதுவரை அழாதவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.