படுத்துப் பார்த்த மெத்தை

தைத்த மெத்தையின் வாயைப் பிரித்து, ராமர் இலவம் பஞ்சைக் கையால் அள்ளி வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். நேற்று அவரே திணித்த பஞ்சு. அது மீசையிலும் புருவத்திலும் ஒட்டி அவரை இன்னும் கிழவராக்கியிருந்தது.

தப்பு செய்தது அவருடைய முதுகு. மட்டாஞ்சேரியில் அவர் வேலை செய்யும் கடை, மெத்தையைப் படுத்துப் பார்க்காமல் விற்றதில்லை. பஞ்சில் கட்டி இருந்தால் கைக்குத் தெரியாது, முதுகுக்குத்தான் தெரியும் என்பது பழைய முதலாளி முஹம்மதின் கட்சி. மதியச் சோறு தின்றதும் ராமர் புது மெத்தையில் சாய்வார். கண் அசந்துவிட்டால் மெத்தை பாஸ். முதலாளியே சாயாவோடு வந்து எழுப்புவார். லீவு நாட்களில் முதலாளி மகன் ஷானவாஸும் பக்கத்தில் ஏறிப் படுத்துக்கொள்வான். உறங்குவதற்குக் கூலி வாங்கும் ஆள் கொச்சியில் தான் ஒருத்தன்தான் என்பார் ராமர். வேறு பெருமை எதுவும் அவருக்கு வாய்க்கவில்லை.

நேற்று அவசர சரக்கு. கடையில் படுக்க நேரமில்லை. சுற்றுலா விடுதியில் கட்டிலின்மேல் விரித்துவிட்டு அங்கேயே சாய்ந்தார். ஏசி அறை, மெத்தை உடனே பாஸாகிவிட்டது. எழுப்ப வந்த மேனேஜர் கையில் சாயா இல்லை, போன் கேமரா இருந்தது.

"என்ன பணி காட்டினீங்க ராமரண்ணே?" என்றான் ஷானவாஸ். இப்போது அவன்தான் முதலாளி. "மெத்தையத் திருப்பி அனுப்பிட்டாங்க. இனி நம்மகிட்ட எடுக்க மாட்டாங்களாம்."

"படுத்துப் பாத்தேன் மொதலாளி. உங்க வாப்பா காலத்துல..."

"வாப்பா காலம் வாப்பாவோட போச்சு. துணி மாத்தித் தரேன்னு காலப் பிடிச்சிருக்கேன். எடுத்தாங்கன்னா நாளைக்குப் பணிக்கு வாங்க. இல்லேன்னா வேண்டாம்."

"அப்போ பஞ்சு?"

"பஞ்சு அது போதும்."

"கை பட்டா குழப்பமில்ல, முதுகு பட்டாதான் குழப்பம். இந்த முதுகுகிட்டக் கிடந்து உறங்கின ஆளுதானே நீங்களும்."

ஷானவாஸ் சிரிக்கப் போய், போனைக் குனிந்து பார்த்துக்கொண்டான்.

ராமர் அதே பஞ்சைப் புது உறையில் திணித்துத் தைத்தார். தோள் வருகிற இடத்தில் ஏதோ கட்டி இருப்பதுபோல் பட்டது. படுத்துப் பார்க்கவில்லை.

ஷானவாஸ் பளபளக்கும் ஸ்டிக்கர் ஒன்றை நீட்டினான்.

"என்ன எழுதியிருக்கு?"

"கை படாம மெஷின்ல செஞ்சதுன்னு. அவங்களுக்கு அப்படி இருந்தாத்தான் பிடிக்கும்."

ராமர் கையிலிருந்த பஞ்சைக் கைலியில் துடைத்துக்கொண்டார். ஸ்டிக்கரை மெத்தையின் ஓரத்தில் வைத்து, பிரிந்து வந்துவிடாமல் நாலு மூலையையும் உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார்.