ஒரு கன்னத்துச் சவரம்

சூப்பிரண்டு ஒரு விஷயத்தைத் தொட்டால் அதில் பட்டம் வாங்காமல் விடமாட்டார். பட்டம் கொடுப்பவரும் அவர்தான். முந்தின வருஷம் மைப்பேனா. அதற்கும் முந்தி, நடக்கும்போது மூச்சு விடும் முறை. இந்த வருஷம் சவரக்கத்தி.

"பிளாஸ்டிக் ரேசரால முகம் மழிக்கிறது, கோணிப்பையால கண்ணாடி துடைக்கிற மாதிரி," என்பார், அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில். மடக்குக் கத்தி, கொம்புக் கைப்பிடி, தினமும் தோல் வாரில் தீட்ட வேண்டிய நியமம் என்று அடுக்கிவிட்டுத் தன் கன்னத்தை ஒரு முறை தடவிக்கொள்வார். கேட்டுக்கொண்டிருப்பவர்களின் கையும் தன்னையறியாமல் அவரவர் கன்னத்துக்குப் போகும்.

கத்தி வாங்கியது உண்மை. பெட்டியைத் திறந்து பார்த்ததும் உண்மை. ஆனால் மழிப்பது மட்டும், குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, அதே பிளாஸ்டிக் ரேசரால்தான். மனைவிக்கு இது தெரியும். குப்பைக்கூடைக்குப் பொய் சொல்ல வராது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். மழித்த மறுநாளே கழுத்தெல்லாம் சிவந்து பொரிந்துவிடுகிற மனிதர். அவர் மேஜைமேல் ஒரு புதுப் பெட்டி இருந்தது.

"உங்க பேச்சைக் கேட்டு நானும் ஒண்ணு வாங்கிட்டேன் சார். திங்கக்கிழமை கொஞ்சம் சீக்கிரம் வந்துடுங்க. முதல் தடவை நீங்களே எனக்குப் போட்டுக் காட்டிடுங்க. உங்களை நம்பித்தான் கழுத்தைக் கொடுக்கிறேன்."

சூப்பிரண்டு தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். உண்மையை ஒப்புக்கொண்டால் மானம் போகும். ஒப்புக்கொள்ளாவிட்டால் மேனேஜரின் கழுத்து. இரண்டில் மானம்தான் பெரிசு என்று வீடு வந்து சேரும்வரை அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை காலை, தோல் வாரை ஜன்னல் கம்பியில் மாட்டி இழுத்துப் பிடித்தார். வேலை தேடும் சாக்கில் அக்கா வீட்டில் தங்கியிருந்த மச்சினன் எட்டிப்பார்த்தான்.

"என்ன மாமா, யாரைத் தீர்த்துக்கட்டப் போறீங்க?"

"இது கலை மாப்ளே. திங்கக்கிழமை எங்க மேனேஜருக்குப் போட்டுக் காட்டணும். ஓரமா நின்னு பாரு."

காய் நறுக்கும் கத்தியைக் கல்லில் தீட்டுவதை அவர் பார்த்திருக்கிறார். கத்தியின் வாய் முன்னால் போகும். அதே ஞாபகத்தில் இங்கும் வாயை முன்னால் விட்டு ஓர் இழுப்பு இழுத்தார். வாரின் ஓரத்திலிருந்து நாடா போல ஒரு கீற்று சுருண்டு அவர் காலடியில் விழுந்தது.

"பதம் நல்லாத்தான் இருக்கு," என்றான் மச்சினன். "மேனேஜர் தோல் இவ்வளவு தடிமனா இருக்குமா மாமா?"

சத்தம் கேட்டு வந்த மனைவி கீற்றை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தாள். "கல்லுல வாய் முன்னால போகலாம், அது கல்லு. தோலைக் கத்தி வெட்டத்தானே செய்யும்? அதுல எதுக்கு வாயை முன்னால விட்டீங்க?"

அவர் பிரசங்கத்துக்கு வாயைத் திறந்தார்.

"தெரியலையே," என்றார்.

அந்த வார்த்தை அந்த வீட்டில் புழங்கி வெகுகாலம் ஆகியிருந்தது.

பிறகு கத்தியைத் திருப்பினார். முதுகு முன்னால், வாய் பின்னால். வாரின் முனைக்கு வந்ததும் முதுகை எடுக்காமல் அதன்மேலேயே புரட்டித் திரும்பி வர வேண்டும். சலக், சலக் என்று ஒரு தாளம் பிடிபட்டது. பதம் ஏறியிருக்கிறதா என்று இடது முன்னங்கையில் வைத்துப் பார்த்தார். சில மயிர்கள் உதிர்ந்தன, சில வளைந்து கொடுத்தன. இன்னும் கொஞ்சம் தீட்டினால் என்ன ஆகும்? தீட்டிப் பார்த்தார். மழுக்கிவிட்டுத் தீட்டினால்? அதையும் பார்த்தார். மத்தியானத்துக்குள் கை வழுவழுவென்று ஆகிவிட்டது, கெண்டைக்காலுக்கு இறங்கினார். அதுவும் தீர்ந்தது.

"மாப்ளே, உன் கையைக் கொஞ்சம் கொடேன்."

"வேலை கிடைச்சா வேணும் மாமா," என்றவன், சற்று யோசித்துவிட்டுக் கையை நீட்டினான். அவனுக்கும் பார்க்கவேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெந்நீரில் முகத்தை ஊறவைத்து, பிரஷ்ஷால் நுரை ஏற்றி, கண்ணாடி முன் நின்றார். அக்காவும் தம்பியும் கதவோரம். காதோரத் தோலை இடது கையால் மேலே இழுத்துப் பிடித்து, கத்தியைக் கன்னத்தோடு ஏறக்குறையப் படுக்கவைத்து, முதுகை மட்டும் ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத் தூக்கி, கீழே இறக்கினார். சரசரவென்று ஒரு சத்தம். தன் முகத்துக்குள் இப்படி ஒரு சத்தம் இருந்தது இத்தனை வருஷமாக அவருக்குத் தெரியாது. மறுபடி இறக்கினார், சவரத்துக்குப் பாதி, சத்தத்துக்குப் பாதி. தாடையில் கடுகளவு ரத்தம் துளிர்த்தது. வலது கன்னம் முடிந்தது.

இடது கன்னத்துக்கு வந்தபோதுதான் மூக்கு என்று ஒன்று நடுவில் இருப்பது தெரிந்தது. வலது கையைக் குறுக்கே கொண்டுபோனால் முழங்கை கண்ணாடியை மறைத்தது. கத்தியை இடது கைக்கு மாற்றினார். அந்தக் கை இதுவரை அவரிடம் பார்த்த உத்தியோகம் டம்ளர் பிடிப்பதுதான். கத்தியின் முனை கன்னத்தை விட்டுவிட்டுக் காதைக் குறிபார்த்தது.

"வெச்சிடுங்க," என்றாள் மனைவி.

வைத்துவிட்டார். துடைத்து, ஈரம் போக உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி மடக்கினார். மச்சினன் பல்துலக்கும் பிரஷ்களுக்குப் பின்னால் கைவிட்டுப் பிளாஸ்டிக் ரேசரை எடுத்து நீட்டினான். ஒளித்த இடம் ஊருக்கே தெரியும் போலிருக்கிறது.

"இந்தப் பக்கத்தை இதால முடிச்சிடுங்க மாமா. யாருக்குத் தெரியப்போகுது?"

சூப்பிரண்டு அதை வாங்கிக் கன்னத்துக்குக் கொண்டுபோனார். பாதி வழியில் நின்றார்.

"முழு முகத்தோட போனா அந்த மனுஷன் கழுத்தை நீட்டிடுவாரு மாப்ளே," என்று சொல்லி, இடது கன்னத்து நுரையைத் தண்ணீர் விட்டுக் கழுவினார்.

திங்கட்கிழமை, கழுத்தில் துண்டு சுற்றித் தயாராக உட்கார்ந்திருந்த மேனேஜர், உள்ளே வந்த முகத்தைப் பார்த்ததும் துண்டை இறுக்கிக்கொண்டார். ஒரு பக்கம் பளிங்கு, மறுபக்கம் மூன்று நாள் முள்.

"சார், இதுவரைக்கும் நான் சொன்னதெல்லாம் வாய்ப்பந்தல். நேத்துதான் முதல் தடவை கத்தி போட்டேன். எனக்கு ஒரு கன்னம்தான் தெரியும், அதுவும் என் கன்னம்."

மேனேஜர் எழுந்து அருகில் வந்தார்.

"தொட்டுப் பார்க்கலாமா?"

வலது கன்னத்தைத் தொட்டார். பிறகு இடதை. மறுபடி வலதை.

"எரியலையா?"

"இல்ல சார். சத்தம்தான். ஏன் அந்தச் சத்தம் வருதுன்னு புரியல."

மேனேஜர் துண்டை அவிழ்த்து மடித்துப் பெட்டியின்மேல் வைத்தார். "அந்தப் பக்கமும் ஆனதும் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் இதைத் திறக்கல."

அன்று சாப்பாட்டு நேரத்தில் சூப்பிரண்டு எதைப் பற்றியும் பேசவில்லை. கையெழுத்துக்காகக் கோப்புகளோடு வந்த டைப்பிஸ்ட் அம்மா அவர் மேஜை முன்னால் வெகுநேரம் நிற்கவேண்டியிருந்தது. அவர் இடது கையில் ஓர் அடிஸ்கேலைப் பிடித்து, வலது கையால் இடது காதோரத் தோலை இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு, மெல்ல மெல்லக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்.