இடியின் கடைவாய்ப் பல்

துப்பாக்கியும் கையுமாக ஒரு கூட்டம் உள்ளே நுழைந்ததும், உதவிக்கு இருந்த பெண் பின்வாசல் வழியாக ஓடியே போய்விட்டாள். பல் டாக்டரம்மாவுக்கும் ஓடத் தோன்றியதுதான். ஆனால் வந்தவர்களில் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகினார். அப்படி முனகுகிறவரை விட்டுவிட்டு ஓடினால் அப்புறம் என்ன பல் டாக்டர்?

முனகியவரை ஊருக்கே தெரியும். காட்டில் ஆயுதம் ஏந்திய கூட்டத்தின் சார்பில் பேச வந்தவர். இடி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எதிரே நூலக மாடியில் அரசாங்கத்தோடு பேச்சுவார்த்தை. பேச்சுவார்த்தை என்று பெயர்தான். இடி முதல் நாளிலிருந்தே வாயைத் திறக்கவில்லை. எது கேட்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டு முறைத்தார். "திமிரைப் பார்த்தீங்களா சார்? புகுந்து அடிச்சாத்தான் வழிக்கு வருவாங்க" என்று அரசாங்கத்துக்காகப் பேச வந்த கர்னல் மேலிடத்துக்குச் சொல்லியாகிவிட்டது. இன்று மாலையோடு போர்நிறுத்தம் முடிகிறது. விடிந்தால் படை காட்டுக்குள் போகும்.

அந்தப் படையில் டாக்டரம்மாவின் ஒரே மகன் இருந்தான். "பூட்ஸெல்லாம் துடைச்சு வெச்சாச்சும்மா" என்று காலையில் போனில் சொன்னான், ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்புகிறவன் மாதிரி.

டாக்டரம்மா துப்பாக்கிக்காரர்களை வாசலுக்கு விரட்டிவிட்டு, காவலுக்கு வந்த கர்னலை மட்டும் உள்ளே விட்டார். நாற்காலியைச் சாய்த்து விளக்கைப் போட்டுப் பார்த்தார். கடைவாய்ப் பல் சொத்தையாகி, வேரில் சீழ் கட்டியிருந்தது.

"எப்பலேருந்து வலி?"

"பேச்சு ஆரம்பிச்ச அன்னைலேருந்து."

"அங்கயே சொல்லக் கூடாதா?"

"எதிராளிகிட்டப் போயி பல்லு வலிக்குதுன்னு சொல்ல முடியுமாம்மா?"

கர்னல் வாயில் ஈ போவது தெரியாமல் நின்றார். "அப்போ அந்த முறைப்பு?"

"வலிய்யா!" என்றார் இடி.

கர்னல் சட்டென்று சமாளித்துக்கொண்டார். "பிடுங்கித் தள்ளுங்க டாக்டரம்மா. ஒரே இழுப்பு, வேலை முடிஞ்சுது."

"பிடுங்கவும் கூடாது, ஊசியும் கூடாது" என்று இடி நாற்காலியின் கைப்பிடிகளை இறுகப் பற்றினார்.

"குண்டுக்கே பயப்படாத ஆளு, ஊசிக்கா?"

"குண்டு சொல்லிட்டா வருது?"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அன்று முழுக்க வராத சிரிப்பு. "பிடுங்குறது சுலபம்தான் சார். ஆனா இந்த வேரைக் காப்பாத்தலாம். சுத்தம் பண்ணி, மருந்து வெச்சு, வாரா வாரம் பார்க்கணும். என் பையன் உங்க படையிலதான் இருக்கான், அதை மறைக்கல. அதுக்காகப் பொய்யும் சொல்லல. இத்தனை வருஷத்துல பல்லைப் பத்தி யார்கிட்டயும் நான் பொய் சொன்னதில்ல. இப்ப சும்மா நிக்காம இதைப் பிடிங்க."

எச்சில் உறிஞ்சும் குழாயைக் கர்னல் கையில் திணித்தார். கர்னலும் பீரங்கியைப் பிடிப்பதுபோல் அதைப் பிடித்தார்.

சீழ் வெளியேறியதும் இடியின் முகமே மாறிவிட்டது. கண்ணை இறுக மூடிப் போட்டுக்கொண்ட ஊசியில் மரத்த உதட்டோடு, அடக்கிவைத்த பேச்சையெல்லாம் சேர்த்துக் கொட்டினார். "ஃபேசலாம் சார், எல்லாத்தையும் ஃபேசலாம். ஆனா அடுத்த வாரம் மருந்து மாத்த வரும்போது வழியில என்னைச் சுடக் கூடாதில்ல?"

கர்னல் மேலிடத்தோடு போனில் மன்றாடியது வாசல்வரை கேட்டது. "ஒரு வாரம் தள்ளிப் போடுங்க சார்... இல்ல சார், பல்லு... ஆமா சார், பல்லுதான்!"

ஒரு வாரம் தள்ளிப்போனது. அடுத்த வாரமும் தள்ளிப்போனது. நூலக மாடியில் பாதியில் விட்ட சண்டையை இருவரும் பல் நாற்காலியில் தொடர்ந்தார்கள். இடி சூடானால் "வாயைத் திறங்க" என்பார் டாக்டரம்மா. கர்னல் சூடானால் "குழாயைச் சரியாப் பிடிங்க". சிறையில் இருந்தவர்களை விடுவதற்கு ஒப்புதல் வந்தது. மூடிக் கிடந்த சாலை திறந்தது. ஆயுதத்தை ஒப்படைப்பது ஒன்றுதான் இழுத்துக்கொண்டே போனது.

மகன் போனில் அலுத்துக்கொண்டான். "இன்னும் கிளம்பலம்மா. ஒரே போர் அடிக்குது."

"அந்த ஒரு போரோட நிக்கட்டும்டா கண்ணா."

அப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த நாள் வந்தது. டாக்டரம்மா மருந்தை எடுத்துப் பார்த்தார். வேர் சுத்தமாக இருந்தது. அடைத்து மூடிவிடலாம்.

இன்னும் ஒரு வாரம் ஆகும் என்று சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது? பார்க்கும் கண்ணாடி அவர் கையில்தான் இருக்கிறது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மகனின் பூட்ஸ் கண்முன் வந்து நின்றது. ஆனாலும் பல் நன்றாகத்தானே இருந்தது!

"முடிஞ்சிருச்சு" என்று பூசி அடைத்துவிட்டுச் சொன்னார். "பல்லு நல்லாயிருக்கு. இனி நீங்க வர வேண்டாம்."

குழாய் கொர்ரென்று இழுத்துக்கொண்டிருந்தது. கர்னல் அதை வெளியே எடுக்கவில்லை. குனிந்து இடியின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டாக்டரம்மா, அந்தப் பக்கத்துப் பல்லு கொஞ்சம் கறுப்பாத் தெரியலை? நல்லாப் பாருங்களேன்."

யாரும் சொல்லாமலே இடி வாயை இன்னும் அகலமாகத் திறந்தார்.